நல்ல குடும்பத்தில் பிறந்த கெட்ட வண்டு

பொறிவண்டு என்றால் யாருக்குத்தான் பிடிக்காது? சின்ன உருவம், பளபளப்பான முதுகு, அதில் கறுப்புப் பொட்டுகள். விவசாயிக்கும் அது செல்லப்பிள்ளை. அசுவினி, மாவுப்பூச்சி, செதில்பூச்சி என்று பயிரின் சாற்றை உறிஞ்சும் பூச்சிகளைத் தேடித் தேடித் தின்னும். சம்பளம் கேட்காத வேலையாள்!

1880-களில் கலிஃபோர்னியாவின் ஆரஞ்சுத் தோட்டங்களைச் செதில்பூச்சி அழித்துக்கொண்டிருந்தது. 1888-ல் ஆஸ்திரேலியாவிலிருந்து 'வேடாலியா' என்ற பொறிவண்டைக் கொண்டுவரத் தொடங்கினார்கள். ஓரிரு ஆண்டுகளில் தோட்டங்கள் தப்பின. அன்று முதல் அந்தக் குடும்பத்துக்கே நல்ல பெயர்.

ஆனால் எல்லாக் குடும்பத்திலும் ஒரு தறுதலை இருக்குமே! இங்கே அதன் பெயர் மெக்சிகன் பீன் வண்டு. அறிவியல் பெயர் எபிலாக்னா வேரிவெஸ்டிஸ். நீளம் 6 முதல் 8 மில்லிமீட்டர். செம்பு நிற முதுகில், இறக்கைக்கு எட்டாக 16 கறுப்புப் புள்ளிகள். சட்டென்று பார்த்தால் அசல் பொறிவண்டு. ஆனால் இது சுத்த சைவம். பீன்ஸ், சோயா போன்ற பயிர்களின் இலைதான் சாப்பாடு.

பூர்வீகம் மெக்சிகோ. அமெரிக்காவின் மேற்குப் பகுதியில் மட்டும் தொல்லை கொடுத்துவந்தது, 1920-ல் அலபாமா மாநிலத்தின் பர்மிங்ஹாம் பக்கம் தென்பட்டது. மேற்கிலிருந்து வந்த குதிரைமசால் தீவனக் கட்டுகளோடு வந்திருக்கலாம் என்று கருதுகிறார்கள். பிறகு கிழக்கு மாநிலங்களில் வேகமாகப் பரவிவிட்டது.

அது சாப்பிடும் விதம்தான் விஷயம். இலையின் அடிப்பக்கத்தில் மஞ்சள் முட்டைகளைக் கொத்தாக இடும். உடம்பெல்லாம் கிளைத்த முட்களோடு மஞ்சள் புழுக்கள் வெளிவரும். அவை நரம்பை விட்டுவிட்டு நடுவில் இருக்கும் சதையைச் சுரண்டும். கடைசியில் இலை சல்லடையாகிக் காய்ந்துவிடும். கூட்டுப்புழு ஆவதும் அதே அடிப்பக்கத்தில்தான். மேலோட்டமாக மருந்து அடித்தால் புழுமேல் சரியாகப் படாது. நன்மை செய்யும் பூச்சிகள்தான் முதலில் சாகும்.

சரி, இதற்கு மருந்தே கிடையாதா? இருக்கிறது, அதுவும் இந்தியாவிலிருந்து போனது! பீடியோபியஸ் ஃபோவியோலேட்டஸ் என்ற குளவி. எறும்பைவிடச் சின்னது. 1966-ல் இந்தியாவிலிருந்து அமெரிக்காவுக்குக் கொண்டுபோனார்கள். இது வண்டின் புழுவுக்குள் முட்டையிடும். குளவிக்குஞ்சுகள் உள்ளிருந்தே தின்று வளரும். புழு பழுப்பு நிறமாகி, விறைத்து, வெறும் தோலாகிவிடும். அதை ஓட்டை போட்டுக்கொண்டு சுமார் இருபது குளவிகள் வெளியே வரும்.

இதில் ஒரு சிக்கல். இந்த வண்டு முழு வளர்ச்சியடைந்த நிலையில், சருகுகளுக்கு அடியில் பதுங்கிக் குளிர்காலத்தைக் கழித்துவிடும். அப்போது புழுக்களே இருக்காது. புழு இல்லாமல் குளவி பிழைக்காது. அதனால் நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் ஆண்டுதோறும் குளவிகளை வளர்த்துப் புதிதாக விடவேண்டி வந்தது. கணக்குப் பாடத்தில் சொல்வதுபோல, வேடாலியா முதலினச் செலவு, ஒருமுறை போட்டால் போதும். இந்தக் குளவியோ வருவாயினச் செலவு, ஒவ்வோர் ஆண்டும் போடவேண்டும். ஆனாலும் அது லாபமான செலவுதான். வயலுக்கு விஷம் மிச்சம்.

இன்னொரு கணக்கும் உண்டு. பூப்பதற்கு முன் சோயாச் செடி தன் இலையில் 30 சதவீதம் அளவுக்கு இழந்தாலும் பெரும்பாலும் சமாளித்துக்கொள்ளும். காய் பிடிக்கும் நேரத்தில்தான் அந்தத் தாங்குசக்தி குறையும். ஆக, நாலு ஓட்டை விழுந்த உடனே மருந்து அடிப்பது காசைக் கரியாக்குவது. பூச்சியால் வரும் நஷ்டம் மருந்துச் செலவைத் தாண்டினால்தான் தெளிக்கவேண்டும். வீட்டுத் தோட்டம் என்றால் முட்டையையும் புழுவையும் கையால் பொறுக்கியே அழிக்கலாம். அறுவடை முடிந்ததும் செடிகளை உழுது மண்ணுக்குள் அமுக்கிவிடுவதும் நல்லது.

அமெரிக்க பீன்ஸ் கதை நமக்கு எதற்கு என்கிறீர்களா? நம் ஊர்க் கத்தரிச்செடியைச் சுரண்டும் 28 புள்ளி எபிலாக்னா வண்டு இதன் நெருங்கிய சொந்தம். அதே குளவிதான் இதற்கும் எமன். கத்தரி இலையில் பழுப்பாக விறைத்த புழுக்களைப் பார்த்தால், உள்ளே வேலை நடக்கிறது என்று அர்த்தம். அப்போது மருந்து அடித்தால் வெளியே வரப்போகும் நண்பர்களைத்தான் கொல்வோம்.

புள்ளியை வைத்து நண்பன், எதிரி என்று முடிவு செய்ய முடியாது. மருந்துக் கடைக்குக் கிளம்பும் முன் ஓர் இலையைத் திருப்பிப் பாருங்கள். அதற்குச் செலவே இல்லை!