"பதிமூணு புள்ளி எட்டு... வந்துட்டேம்மா!" - அப்பாவின் விரல்களும் பைக் பேட்டரியும்

அதிகாலை 4.50-க்கு அப்பாவிடமிருந்து போன் வந்தால் அது நல்ல செய்தியாக இருக்காது. போன மார்கழியில் ஒருநாள் அப்படித்தான் வந்தது.

"பாப்பா, வண்டி நின்னுடுச்சு. செல்ஃப் எடுக்கல, லைட்டும் எரியல. மாகறலுக்கு முன்னாடி வயலோரமா நிக்கிறேன். அம்மாகிட்ட சொல்லாத, பதறிடுவா."

நான் சென்னையில், ஹாஸ்டல் அறையில் இருந்தேன். அப்பா இருட்டில், லாரிகள் போகும் சாலையோரத்தில், கத்திரிக்காய் மூட்டை கட்டிய பைக்கோடு நின்றிருந்தார். என்னால் அங்கே போகவும் முடியாது, ஒன்றும் செய்யவும் முடியாது. இதில் கொடுமை என்னவென்றால், வண்டி நின்றதற்குக் காரணமே நான் ஆசையாக வாங்கிக்கொடுத்த ஒரு பொருள்தான்.

அப்பாவுக்கு உத்திரமேரூரில் சின்னதாக ஒரு காய்கறிக் கடை. தினமும் விடியற்காலை 4 மணிக்கு பைக்கை எடுத்துக்கொண்டு காஞ்சிபுரம் மார்க்கெட்டுக்குப் போவார். வழியில் தெரிந்த விவசாயிகளிடம் கொஞ்சம் காய் வாங்கிக் கட்டிக்கொள்வார். இருபது வருடப் பழக்கம் இது. ஆனால், மூன்று வருடங்களாக மார்கழி, தை மாதங்களில் அவர் விரல்கள் வெளுத்துப்போக ஆரம்பித்தன. முதலில் சுண்ணாம்பு மாதிரி வெள்ளை, அப்புறம் நீலம், சூடு பட்டதும் சிவந்து எரிச்சல். பிரேக் பிடிக்கிற விரலில் உணர்ச்சியே இல்லை என்று ஒருநாள் அவர் சொன்னபோதுதான் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

'ரேனாட்ஸ்' என்றார் டாக்டர். குளிர் பட்டதும் விரல் நுனிகளுக்குப் போகும் சிறு ரத்தக்குழாய்கள் அளவுக்கு மீறிச் சுருங்கிக்கொள்ளும் பிரச்னை. 1862-ல் இதை விவரித்த பிரெஞ்சு மருத்துவர் மாரிஸ் ரேனாட்டின் பெயரைத்தான் வைத்திருக்கிறார்கள். "நம்ம ஊர்ல என்ன பெரிய குளிர்னு நினைக்காதீங்க. பைக்ல போகும்போது காத்து சூட்டை உறிஞ்சிடும். கையைக் கதகதப்பா வெச்சுக்கணும்" என்றார்.

சாதாரண கிளவுஸ் போட்டுப் பார்த்தோம், போதவில்லை. அந்தச் சமயத்தில்தான் ஒரு வீடியோ ஸ்டோரிக்காக, லடாக்கின் கார்துங் லா கணவாய்க்கு பைக்கில் போய்வந்த சென்னை இளைஞர்களிடம் பேசினேன். அவர்கள் சூடேறும் கிளவுஸ் பற்றிச் சொன்னார்கள். உள்ளே மெல்லிய கம்பி இழை ஓடும், பைக் பேட்டரியில் இணைத்தால் சூடாகும். இது புதிய கண்டுபிடிப்பும் இல்லை. இரண்டாம் உலகப்போரில் உயரத்தில் பறந்த குண்டுவீச்சு விமானிகளே மின்சாரத்தில் சூடேறும் உடையும் கையுறையும் போட்டிருக்கிறார்கள்.

உடனே ஆர்டர் செய்தேன். அப்பா முதலில் சிரித்தார். "ஊரே ஃபேன் போட்டுத் தூங்குது, எனக்கு மட்டும் ஹீட்டரா?" என்றார். ஆனால், முதல் நாள் போட்டுக்கொண்டு போய்வந்ததும் போன் செய்து, "விரல் வெளுக்கலம்மா" என்றார். அன்று முழுக்க நான் மிதந்தேன்.

மூன்றாவது வாரம்தான் அந்த 4.50 மணி போன்.

மூட்டையோடு வண்டியை இரண்டு கிலோமீட்டர் தள்ளிக்கொண்டே போய், ஒரு டீக்கடையில் நிறுத்திவிட்டு, வெளுத்த விரல்களோடு டம்ளரைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார் அப்பா. அன்று மதியம் நான் ஊருக்குப் போய்ச் சேர்ந்தபோது வண்டி மெக்கானிக் அண்ணன் ஷெட்டில் இருந்தது. அவர் பேட்டரியில் மீட்டரை வைத்துக் காட்டினார். 11.4 வோல்ட்.

"புது பேட்டரிண்ணே, எப்படி இறங்கும்?" என்று கேட்டேன்.

"பாப்பா, நம்ம ஊரு ஏரி தெரியுமில்ல? பேட்டரிதான் ஏரி. எஞ்சின் சுத்தும்போது மேக்னட் காயில்ல வர்ற கரன்ட்டுதான் வரத்துக் கால்வாய். லைட்டு, ஹாரன், நீ வாங்கிக்கொடுத்த கிளவுஸு எல்லாம் மதகு. வரத்தைவிட மதகுல அதிகமா போனா ஏரி என்ன ஆகும்?"

அவர் சொன்னதை வைத்து ஒரு பேப்பரில் கணக்குப் போட்டேன். கிளவுஸ் இரண்டும் முழுச்சூட்டில் 30 வாட். பனிக்காக அப்பா போட்டிருந்த ஃபாக் லேம்ப் இரண்டும் சேர்த்து 40 வாட். போன் சார்ஜர் 10 வாட். மொத்தம் 80 வாட். அதை 12 வோல்ட்டால் வகுத்தால் கிட்டத்தட்ட 7 ஆம்பியர். இதெல்லாம் கூடுதல் செலவு. இதற்கு முன்பே ஹெட்லைட், பெட்ரோல் பம்ப், இன்ஜெக்‌ஷன் என்று வண்டிக்கே செலவு இருக்கிறது. 2017 ஏப்ரலிலிருந்து வரும் டூவீலர்களில் எஞ்சின் ஓடினாலே ஹெட்லைட் எரியும், அணைக்க முடியாது.

வண்டி வேகமாகப் போகும்போது காயில் இதையெல்லாம் ஓரளவு சமாளித்துவிடும். ஐடிலில் நிற்கும்போது வரத்து பாதிக்கும் கீழே போய்விடும். அப்பாவோ வழியில் மூன்று இடத்தில் நிற்பவர். அன்று பெட்ரோலை மிச்சப்படுத்த எஞ்சினை அணைத்துவிட்டு, வெளிச்சத்துக்கு ஃபாக் லேம்ப்பை எரியவிட்டு, கிளவுஸையும் கழற்றாமல் மூட்டை கட்டியிருக்கிறார். இரண்டுமே நேராக பேட்டரியில் இணைத்தவை. வண்டியில் இருப்பது 5 ஆம்பியர்-ஹவர் பேட்டரி. முழுதாக நிறைந்திருந்தாலே அந்தச் செலவுக்கு ஒரு மணி நேரம் தாங்காது. மூன்று வாரமாக அது நிறையவே இல்லை.

"பழைய வண்டின்னா கிக்கர உதைச்சு எடுத்துடலாம். இதுல கிக்கரே கிடையாது. தள்ளி எடுக்கலாம்னா பம்ப் ஓட கரன்ட் வேணும்" என்றார் அண்ணன்.

"அப்போ கிளவுஸை எடுத்துடலாமா?" என்றேன். எனக்கு அழுகையே வந்துவிட்டது. கழற்றினால் விரல் போகும். மாட்டினால் வண்டி நிற்கும்.

"எதுக்கு எடுக்கணும்? ஏரியில தண்ணி எவ்ளோ இருக்குன்னு தெரியாம மதகைத் திறந்ததுதான் தப்பு" என்றவர், ஹேண்டில்பாரில் ஒரு சின்ன டிஜிட்டல் வோல்ட் மீட்டரைப் பொருத்தினார். சில நூறு ரூபாய்தான். கிளவுஸ், ஃபாக் லேம்ப் இரண்டையும் ஃபியூஸ் வைத்து, ரிலே வழியாக, சாவியை அணைத்தால் அணைந்துவிடும்படி மாற்றினார். ஃபாக் லேம்ப்பை குறைந்த வாட் எல்.இ.டி-யாக மாற்றிக்கொண்டோம்.

மீட்டர் காட்டும் எண்ணை எப்படிப் படிப்பது என்று அவர் சொல்லச் சொல்ல எழுதிக்கொண்டேன். உங்களுக்கும் உதவும்.

வண்டியை அணைத்துச் சில மணி நேரம் கழித்துப் பார்த்தால் 12.6-க்கு மேல் இருக்க வேண்டும். அது நிறைந்த பேட்டரி. 12.2 என்றால் ஏறக்குறைய பாதி. 12-க்குக் கீழே போனால் சார்ஜ் போட்டே ஆக வேண்டும். அடிக்கடி அந்த அளவுக்கு இறங்கினால் பேட்டரியின் ஆயுளும் குறையும்.

வண்டி ஓடும்போது 13.5 முதல் 14.5 வரை இருந்தால் காயில் சார்ஜ் கொடுக்கிறது என்று அர்த்தம். ஓடும்போதே 13-க்குக் கீழே இறங்கிக்கொண்டே போனால், சம்பாதிப்பதைவிடச் செலவு அதிகம். கிளவுஸை லோவுக்கு மாற்ற வேண்டும், அல்லது மற்ற லைட்டை அணைக்க வேண்டும். 15-ஐத் தாண்டினாலும் ஆபத்து. ஆர்.ஆர். யூனிட் பழுதாகி, பேட்டரி வெந்துபோகும்.

இன்னொரு விஷயத்தை டாக்டர் சொன்னார். விரலில் உணர்ச்சி குறைவாக இருப்பவர்கள், சர்க்கரை நோயால் நரம்பு பாதித்தவர்கள், கிளவுஸை முழுச்சூட்டில் வைக்கவே கூடாது. சுடுவதே தெரியாமல் தோல் வெந்துவிடும். விரல் வெளுக்கும் பிரச்னை இருந்தால், கிளவுஸ் வாங்குவதற்கு முன் டாக்டரைப் பாருங்கள்.

மீட்டர் பொருத்திய அன்று சாயங்காலம் அப்பாவோடு வைகுண்டப் பெருமாள் கோயிலுக்குப் போனேன். முதலாம் பராந்தகச் சோழன் காலத்துக் குடவோலைக் கல்வெட்டுகள் இருக்கும் அதே கோயில்தான். 919, 921-ம் ஆண்டுகளைச் சேர்ந்தவை. பள்ளிக்கூடத்திலிருந்து பலமுறை வந்திருக்கிறேன். ஏரி வாரியம் என்று ஏரிக்கே தனிக்குழு வைத்திருந்த ஊர் இது. வாரியத்தில் இருந்துவிட்டுக் கணக்குக் காட்டாதவர் பெயரைக் குடத்தில் போடக் கூடாது, அவருடைய நெருங்கிய உறவினர்கள் பெயரையும் போடக் கூடாது என்று கல்லில் வெட்டி வைத்திருக்கிறார்கள்.

அதை அப்பாவிடம் சொன்னேன். "அப்போ கணக்குப் பார்க்காம கிளவுஸ் வாங்கினது நீ, மாட்டினது நான். ரெண்டு பேரு பேரும் குடத்துல கிடையாது" என்று சிரித்தார்.

ஆனால், அன்றிலிருந்து அவர் கணக்கு வைக்கிறார். கடையில் கத்திரிக்காய், முருங்கைக்காய் விலை எழுதும் அதே நோட்டில், ஓரத்தில் ஒரு எண். கிளம்பும்போது எவ்வளவு, மார்க்கெட்டில் நிறுத்தும்போது எவ்வளவு. இறங்கிக்கொண்டே வந்தால் ஞாயிற்றுக்கிழமை பேட்டரியை சார்ஜில் போடுகிறார். மூட்டை கட்டும்போது சாவியை அணைத்துவிட்டு, கழுத்தில் டார்ச்சை மாட்டிக்கொள்கிறார்.

கிளவுஸ் இப்போது லோவில்தான் ஓடுகிறது. விரல் முழுதாக வெளுக்காமல் இல்லை. சில நாள் நுனி மட்டும் வெளுக்கிறது, ஆனால் பிரேக்கை உணர முடிகிறது என்கிறார். அது போதும் எனக்கு.

அதிகாலை போன் இப்போதும் வருகிறது, தினமும், 5 மணியை ஒட்டி. முன்பெல்லாம் "போய்ட்டேன்" என்று சொல்லக்கூட போன் செய்யாதவர் அப்பா. தூக்கக் கலக்கத்தில் எடுத்து காதில் வைத்தால், மார்க்கெட் இரைச்சலுக்கு நடுவே அவர் குரல்.

"பதிமூணு புள்ளி எட்டு... வந்துட்டேம்மா. நீ தூங்கு."