எலுமிச்சையும் எஞ்சினும்

நீலமலைச் சாரலிலே ஒரு நிலையம். விடுமுறை நாள். வெண்பனி விலகுமுன்பே நாமும் நம் நண்பர்கள் பத்துப் பேரும் அங்கே கூடிவிட்டோம். நீராவி எஞ்சினை மக்கள் அருகே வந்து பார்க்கலாம், தொட்டுப் பார்க்கலாம், கேள்வி கேட்கலாம் என்று வாயிலைத் திறந்துவிடும் நாள் அது. வருவோரை வரவேற்று விளக்கம் சொல்லும் தொண்டு நம்முடையது. கலைக் கல்லூரியில் பட்டம் பெற்று, பள்ளியிலே பாடம் சொல்லும் நமக்கு எஞ்சினைப் பற்றிப் பேச என்ன தகுதி என்று கேட்பீர்கள். பதினைந்து நாள் படித்தோம், படம் வரைந்தோம், பத்து அட்டைகள் எழுதிச் சுவரிலே தொங்கவிட்டோம். அதுதான் தகுதி!

இத்தகைய தொண்டுக்கு முன்னோடி உண்டு. வேல்ஸ் நாட்டிலே, சிலேட்டுக் கற்களைச் சுமந்து செல்ல 1860-களில் அமைக்கப்பட்டது டாலிலின் இருப்புப்பாதை. சுரங்கம் மூடியது. 1950-இல் உரிமையாளரும் மறைந்தார். பாதையின் கதை முடிந்தது என்றே பலரும் எண்ணினர். எழுத்தாளர் ரோல்ட்டும் அவர் நண்பர்களும் அவ்வாறு எண்ணவில்லை. சங்கம் அமைத்தனர், 1951-இல் தொண்டர்களின் துணையோடு வண்டி மீண்டும் ஓடிற்று. எழுதும் கை கரி அள்ளிற்று. கணக்குப் போடும் கை களை பிடுங்கிற்று. உலகிலே தொண்டர்கள் காத்த முதல் இருப்புப்பாதை அதுவே. அந்தச் செய்தியை முதல் அட்டையிலே எழுதியிருந்தோம், பெருமையோடு!

அடுத்த அட்டைகளில் நம் மலைப்பாதை. மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் வரை 1899-இல் வண்டி ஓடிற்று. 1908-இல் உதகையைத் தொட்டது. ஏறத்தாழ 46 கிலோமீட்டர்; 16 குகைகள்; 208 வளைவுகள். 12 அடி நகர்ந்தால் 1 அடி ஏறவேண்டிய செங்குத்து! வழவழப்பான சக்கரம் வழுக்கிவிடாதா? வழுக்கும். ஆகவேதான் கல்லாறு முதல் குன்னூர் வரை தண்டவாளங்களுக்கு நடுவே பல் வெட்டிய இரும்புச் சட்டங்கள். எஞ்சினின் பல்சக்கரம் அவற்றைக் கவ்விக் கவ்வி ஏறுகிறது. எஞ்சின் வண்டியை இழுப்பதில்லை, பின்னாலிருந்து தள்ளுகிறது. ஆப்ட் என்னும் சுவிஸ் நாட்டுப் பொறியாளர் கண்ட முறை இது. அன்று எஞ்சின்கள் அந்நாட்டு வின்டர்தூரிலிருந்து கப்பலேறி வந்தன. பின்னாளில் நம் திருச்சிப் பொன்மலைப் பணிமனையே இவ்வகை எஞ்சினைச் செய்து காட்டிற்று. 2005-இல் யுனெஸ்கோ உலக மரபுச் சின்னமாக ஏற்றது.

எஞ்சின் முகப்பிலே குங்குமம். அதன் கீழே எலுமிச்சை மாலை. "சார், பழம் எதுக்கு?" என்றான் சிறுவன் ஒருவன். விடுவோமா? காத்திருந்த வாய்ப்பல்லவா! தண்ணீர் கொதிப்பதையும், ஆவி விரிவதையும், உருளையிலே தண்டு ஓடுவதையும் விளக்கினோம். "வண்டியை ஏற்றுவது நீராவியா, எலுமிச்சையா?" என்று கேட்டோம். கூட்டம் சிரித்தது, நாமும் சிரித்தோம். அறிவு வென்றது என்று நெஞ்சு நிமிர்ந்தது.

அந்த நேரத்தில், சாயம் போன சட்டை அணிந்த முதியவர் ஒருவர் எஞ்சினின் பல்சக்கரத்தைக் குனிந்து பார்த்துக்கொண்டு நின்றார். சிறப்பு விருந்தினர் வரும் நேரம். "பெரியவரே, கொஞ்சம் ஓரமாக நில்லுங்கள்" என்றோம். ஒரு சொல் மறுத்துப் பேசவில்லை, உடனே ஒதுங்கினார். ஒதுங்கி ஒதுங்கிப் பழகிப்போன கால்கள்!

நம் வகுப்பு மாணவி ஒருத்தி அருகே வந்து தயங்கினாள். "சார், அவங்க எங்க தாத்தா. இந்தப் பாதையிலேதான் கேங்மேனா வேலை பார்த்தாங்க."

சுருக்கென்றது. ஓடிச்சென்று அவரை அழைத்துவந்தோம். பேத்தி ஒவ்வோர் அட்டையாகப் படித்துக் காட்டினாள். அவர் விரல் வரி வரியாகத் தொடர்ந்தது. பத்தாவது அட்டையும் முடிந்தது. பிறகு கேட்டார்:

"எங்க பாட்டன் இந்தப் பாதைக்குப் பாறை உடைச்சவருங்க. அவர் பேரு எதுல இருக்குதுங்க, வாத்தியாரய்யா?"

ஆப்ட் இருந்தார், ரோல்ட் இருந்தார், வின்டர்தூர் இருந்தது. பாறை உடைத்தவன்? இல்லை. மண் சுமந்தவள்? இல்லை. பத்து அட்டைகளில் ஒரு வரிகூட இல்லை!

திணறலை மறைக்க நண்பர் பேச்சை மாற்றினார். "நீங்களும் பழம் கட்டியவர்தானே, ஐயா?"

"கட்டியிருக்கேனுங்க. ஆனா பழத்தைக் கட்டிப்போட்டுத் தூங்கப் போனதில்லீங்க. மழை ராத்திரியில லாந்தரை எடுத்துக்கிட்டு, மண்ணு சரிஞ்சிருக்குதா, கல்லு உருண்டு கிடக்குதான்னு பாதை பூராவும் நடந்து பார்ப்போம். பழம் கழண்டு விழுந்தாலும் வண்டி போகுமுங்க. பொட்டிக்குப் பொட்டி நிக்கிறானே பிரேக்குக்காரன், அவன் கை அசந்தா என்னாகுமுங்க?"

நம் அரைமணிப் பேச்சு அவருடைய அரை நிமிடத்தின் முன் நிற்கவில்லை. மூட நம்பிக்கையைத் தகர்த்ததாக மார்தட்டினோம். நாம் செய்ததென்ன? பழத்துக்குப் பதில் பொறியாளர் பெயரை மாலையாகத் தொடுத்தோம். விருந்தினருக்கு வழிவிட்டு உழைத்தவரை ஓரங்கட்டினோம். நீராவி தள்ளுகிறது என்றோம். நீருக்கு நெருப்பு மூட்டிய கையை மறந்தோம்!

வெற்று அட்டை ஒன்றை எடுத்தோம். 'இப்பாதையை ஆக்கியோர், காத்தோர்' என்று தலைப்பிட்டு, கேட்டவரின் பாட்டன் பெயரை முதல் வரியில் எழுதச் செய்தோம். எழுதியவள் பேத்தி. "உங்கள் குடும்பத்தில் யாரேனும் இங்கே உழைத்ததுண்டா?" என்று வருவோரையெல்லாம் கேட்டோம். கரி தள்ளியவர், கொடி காட்டியவர், கல் சுமந்த பாட்டி... மாலைக்குள் பதினான்கு பெயர்கள். விருந்தினர் வந்தபோது, அந்த அட்டையை விளக்கியவர் நாமல்லர், அம்முதியவரே.

தோழர்களே! எஞ்சினிலிருந்து எலுமிச்சையை எடுத்தெறிவது எளிது. ஒரு கத்தி போதும். நம் நாவிலிருந்து 'ஓரமாக நில்லுங்கள்' என்னும் சொல்லை எடுத்தெறிவது அத்துணை எளிதன்று. அதை எடுக்காத பகுத்தறிவு பாதி அறிவே. மறுநாள் வகுப்பிலே நாம் முதலில் கேட்ட கேள்வி இது: "உங்கள் தாத்தா, பாட்டி என்ன வேலை செய்தார்கள்?"

நாற்பது கைகள் உயர்ந்தன!