அத்தா பூசாமல் விட்ட இடம்

அத்தா வஃபாத்தாகி எட்டு மாதங்கள் ஆகியிருந்தன. மய்யித்து விட்டுச் சென்ற பொருளில் அடக்கச் செலவு போக முதலில் கடனைத் தீர்க்க வேண்டும். அதன் பிறகே வாரிசுகளின் பங்கு. லப்பைக்குடிக்காட்டில் எங்கள் வீட்டுக் கணக்கில் மற்றவை எல்லாம் முடிந்து, உரக்கடைப் பாக்கி 14,000 ரூபாய் மட்டும் நின்றது. விற்பதற்கு மிஞ்சியிருந்தது, கிணற்றுக் கொட்டகையில் கிடந்த ஆயில் எஞ்சின் ஒன்றுதான்.

இங்கிலாந்தின் லிஸ்டர் நிறுவனத்து மாதிரியைப் பார்த்து ராஜ்கோட்டுப் பட்டறைகளில் வார்க்கப்பட்ட இரட்டைச் சக்கர எஞ்சின் அது. 6 குதிரைத்திறன், நிமிடத்திற்கு 650 சுற்று. வயதான மனிதரின் நடைபோல் நிதானமாக ஓடும். மின்சார மோட்டார் வந்த பிறகு அதை ஓட்டுவது குறைந்துபோனாலும், ஆண்டுதோறும் சுத்தம் செய்து பெயிண்ட் அடிப்பதை அத்தா நிறுத்தவில்லை. கடைசி நான்கைந்து ஆண்டுகள்தாம் உடல் ஒத்துழைக்கவில்லை.

மின் இணைப்புக்கு மனுக் கொடுத்துவிட்டுக் காத்திருந்த விவசாயி ஒருவர், அரியலூர் மாவட்டம் திருமானூர்ப் பக்கத்திலிருந்து ஞாயிற்றுக்கிழமை பார்க்க வருவதாகத் தரகர் சொன்னார். 20,000 எதிர்பார்க்கலாமாம். "பெயிண்ட் மட்டும் அடிச்சு வைங்க தம்பி. பாதி விலை பெயிண்டுலதான்" என்றார்.

காரைக்காலில் படகு எஞ்சின்களுக்குப் பெயிண்ட் அடிக்கும் மாமா மகனிடம் தொலைபேசியில் யோசனை கேட்டேன். "எங்களுடையது அலுமினியம், மச்சான், ரெட் ஆக்சைடு அதில் நிற்காது, தனிப் பிரைமர் வேண்டும். ஒரு கீறல் விழுந்தாலும் உப்பு உள்ளே புகுந்து பெயிண்டைக் கொப்புளமாகத் தூக்கிவிடும். உங்களுக்கு உப்புத் தொல்லை ஏது?" என்றான். எங்கள் ஊர்ப்பக்கமும் ஒரு காலத்தில் கடல்தான். காரை ஓடைகளில் கல்லாகிப்போன கடற்சிப்பிகளை இன்றும் பொறுக்கலாம் என்றேன். சிரித்தான். வார்ப்பிரும்புக்கு அவன் சொன்ன முறை எளியது. மண்ணெண்ணெயில் எண்ணெய்ப் பிசுக்கை முழுதாகக் கழுவ வேண்டும். கம்பி பிரஷ்ஷாலும் உப்புத்தாளாலும் துருவை எடுக்க வேண்டும். ரெட் ஆக்சைடு ஒரு பூச்சு, காய்ந்த பின் எனாமல் இரண்டு பூச்சு. சைலன்சருக்கு மட்டும் சூடு தாங்கும் வெள்ளிப் பெயிண்ட். பிசுக்கு இருந்த இடத்தில் பெயிண்ட் நிற்காது என்பதை மூன்று முறை சொன்னான்.

வியாழன், வெள்ளி இரண்டு நாளும் தேய்த்தேன். சிலிண்டரின் இடப்பக்கம் வந்தபோது கை தானாக நின்றது. உள்ளங்கை அகலத்திற்கு அத்தா ஒருபோதும் பெயிண்ட் பூசாமல் விட்டிருந்த இடம் அது.

எனக்குப் பதினாறு வயதிருக்கும்போது நேர்ந்தது. எஞ்சினைக் குளிர்விக்கும் டிரம்மில் நீர் இருக்கிறதா என்று பாராமல் ஓட்டிவிட்டேன். புகை வந்ததும் பதறி, கிணற்று நீரை வாளியோடு உள்ளே ஊற்றினேன். கொதிக்கும் இரும்பில் குளிர்நீர் பட்டதும் டக்கென்று ஒரு சத்தம். நீர் சுழலும் வெளிச்சுவரில் விரல் நீள விரிசல். அத்தா அடிக்கவில்லை. விரிசல் மேலும் ஓடாமலிருக்க அதன் இரு முனையிலும் சிறு துளையிட்டு, பிளவை அகலப்படுத்தி எம்-சீல் வைத்து அடைத்தார். அதன் மேல் ஏன் பெயிண்ட் அடிக்கவில்லை என்று கேட்டதற்கு, "இரவல் வாங்கிட்டுப் போறவன் கண்ணுல படட்டும், தண்ணியைப் பார்த்துக்குவான்" என்றார்.

அடைப்பு திறந்துகொண்டால் டிரம் நீர் முழுதும் ஒழுகிவிடும். யாரும் கவனிக்காவிட்டால் பிஸ்டன் பிடித்துக்கொள்ளும். இதெல்லாம் எனக்குத் தெரியும். தெரிந்தும் சனிக்கிழமை மாலை, உப்புத்தாளால் அந்த இடத்தையும் சமப்படுத்திப் பச்சை எனாமலை இழுத்துவிட்டேன். கடன் மய்யித்தின் கடன். மிச்சப் பணம் அம்மாவுக்கும் அக்காமார்களுக்கும் உரியது. என் தாராளத்தால் அவர்கள் பங்கைக் குறைப்பது எப்படி என்று நியாயமும் வைத்துக்கொண்டேன்.

இஷாவுக்குப் பின் படுத்தும் தூக்கம் வரவில்லை. கடைவீதியில் தானியக் குவியலுக்குள் நபி (ஸல்) அவர்கள் கையை விட்டு அடியில் ஈரம் கண்ட செய்தி நம் வீட்டுப் பிள்ளைகளுக்கும் தெரியும். மழையில் நனைந்துவிட்டது என்று அந்த வணிகர் சொன்ன காரணம் பொய்யன்று. நனைந்ததை மேலே வைத்திருக்கக் கூடாதா என்பதுதான் அவரிடம் கேட்கப்பட்டது. கறக்காமல் மடியில் பால் சேர்த்துக் காட்டி ஆட்டை விற்பதும் தடுக்கப்பட்டிருக்கிறது. அந்தப் பாலும் உண்மையான பால்தான். பெயிண்ட் அடிப்பது குற்றம் என்று நான் கருதவில்லை. இரும்பைத் துருவிலிருந்து காக்கும் வேலை அது. ஆனால் அந்த உள்ளங்கை அகலத்தில் நான் பூசியது துருவுக்காக அன்று.

எழுந்து விளக்கை எடுத்துக்கொண்டு கொட்டகைக்குப் போனேன். எனாமல் இன்னும் பிசுபிசுப்பாகவே இருந்தது. தின்னர் நனைத்த துணியால் நான்கு முறை துடைத்ததும் சாம்பல் நிற அடைப்பு வெளியே வந்தது. ஓரத்தில் பச்சை அசிங்கமாக ஈஷிக்கொண்டதை விட்டுவிட்டேன்.

ஞாயிறு காலை வந்த பெரியவர் நேராக அங்கேதான் கட்டைவிரலை வைத்தார். "இது எப்ப உடைஞ்சது பாய்?" என்றார். என் கைவேலைதான் என்பதையும் சேர்த்துச் சொன்னேன். தரகர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். பெரியவர் எஞ்சினை முக்கால் மணி நேரம் ஓடவிட்டு, எதிரே குத்துக்காலிட்டு அந்த இடத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். நீர் கசியவில்லை. ஆனாலும், "15,500. அதுக்கு மேல எனக்குக் கட்டாது" என்றார். அடுத்த போகத்திற்குள் நிக்கல் ராடு வைத்து வெல்டிங் செய்துகொள்ளுங்கள் ஐயா என்றேன். அதற்கும் சேர்த்துத்தான் குறைத்திருக்கிறேன் என்றார். குட்டியானையில் ஏற்றும்போது, மீதமிருந்த அரை டின் பச்சைப் பெயிண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டார்.

அன்று மாலையே உரக்கடைப் பாக்கியைக் கட்டினேன். மிஞ்சியது 1,500. அதில் அம்மாவின் எட்டில் ஒரு பங்கு, 187 ரூபாய் 50 காசு. கையில் வைத்தபோது, "அந்த அம்பது காசு எங்கேடா கிடைச்சுது?" என்றார் அம்மா.