வாடகை வீட்டாரின் புத்தக அலமாரி

ஊர் விட்டு ஊர் வந்து வாழும் குடும்பங்கள் மூட்டை கட்டும்போது முதலில் கழித்துவிடுபவை புத்தகங்களே. பாத்திரமும் படுக்கையும் உடன் வரும். தாத்தா சேர்த்துவைத்த நூல்கள் ஊர்ப் பரணிலேயே தங்கிவிடும். தில்லிக்கு நாங்களும் அப்படித்தான் வந்தோம். பதினொரு மாத ஒப்பந்தத்தில் இரண்டறை வீட்டில் குடியிருப்பவர்க்குப் புத்தக அலமாரி ஒரு பாரமே அல்லவா?

அதன் விளைவைச் சென்ற கோடையில் உணர்ந்தோம். ஊரிலிருந்து பாட்டி எழுதிய கடிதத்தை எங்கள் பத்து வயது மகள் எழுத்தெழுத்தாய்க் கூட்டிப் பார்த்தாள். பாதியிலேயே எங்களிடம் நீட்டிவிட்டாள். இந்திக் கதைகளைத் தங்குதடையின்றி வாசிப்பவள் அவள். குற்றம் குழந்தையுடையதன்று, வீட்டில் அவள் கைக்கெட்டும் தூரத்தில் ஒரு தமிழ் நூல்கூட இல்லை.

அந்த வாரமே அவளை அழைத்துக்கொண்டு புறப்பட்டோம். சாந்தினி சௌக் மெட்ரோ நிலையத்தில் இறங்கி, சுமை கூலிகளும் ரிக்‌ஷாக்களும் நெருக்கும் சாலைகளைக் கடந்தால், பழைய தில்லி இரயில் நிலையத்துக்கு எதிரே நிற்கிறது தில்லிப் பொது நூல் நிலையம். யுனெஸ்கோவும் இந்திய அரசும் சேர்ந்து, ஆசிய நாடுகளுக்கு ஒரு முன்மாதிரியாக அமைத்த இதனை 1951 அக்டோபர் 27 அன்று பிரதமர் ஜவாஹர்லால் நேரு திறந்துவைத்தார். பிரிவினையால் வீடிழந்து வந்தோர் நிறைந்திருந்த நகரம் அது. அங்கே சந்தா கேளாமல், அலமாரியைப் பூட்டாமல், வாசகரே நூலைத் தொட்டு எடுக்கலாம் என்று வைத்த ஏற்பாடு அந்நாளில் அரியது.

இத்தகைய எண்ணத்தை நம் நாட்டில் பரப்பியவர்களுள் தலையாயவர் தமிழர். சீர்காழியில் 1892இல் பிறந்த எஸ். ஆர். இரங்கநாதன், நூல் என்பது காப்பதற்கன்று, பயன்படுவதற்கே என்று வாழ்நாள் முழுதும் வாதிட்டவர். 1931இல் மன்னார்குடிப் பகுதிக் கிராமங்களுக்கு மாட்டு வண்டியில் நூல்கள் சென்றதும், 1948இல் சென்னை மாகாணத்தில் சுதந்திர இந்தியாவின் முதல் பொது நூலகச் சட்டம் பிறந்ததும் அவருடைய ஊக்கத்தால் விளைந்தவை. பின்னாளில் தில்லிப் பல்கலைக்கழகத்திலும் அவர் பணியாற்றினார். தில்லி நூல் நிலையத்தின் நடமாடும் வண்டிகள் குடியிருப்புகளை நாடிச் சென்றதைக் கேட்டபோது, எங்களுக்கு அந்த மாட்டு வண்டியே நினைவுக்கு வந்தது.

நம்மவர் பலர் அறியாத செய்தி இன்னொன்று உண்டு. 1954ஆம் ஆண்டின் சட்டப்படி, நம் நாட்டில் நூல் வெளியிடும் ஒவ்வொருவரும் அதன் படிகளைக் குறிப்பிட்ட பொது நூலகங்களுக்குத் தம் செலவிலேயே அனுப்பவேண்டும். கல்கத்தா தேசிய நூலகம், சென்னைக் கன்னிமாரா, பம்பாய் நூலகம், தில்லிப் பொது நூல் நிலையம் ஆகிய நான்கும் அவ்வுரிமை பெற்றவை. காரைக்குடியில் அச்சானாலும் கோவையில் அச்சானாலும், தமிழ் நூலுக்குத் தில்லியில் ஓர் இடம் உண்டு என்பது சட்டம் தந்த உறுதி. விருந்தினராக அன்று, உரிமையுடையவராகவே நாம் அங்கே நுழைகிறோம்.

சிறுவர் பகுதியில் எங்கள் மகள் முதலில் எடுத்தது இந்தி நூலைத்தான். நாங்கள் தடுக்கவில்லை; வாழும் ஊரின் மொழியும் அவளுடையதே. மூன்றாம் முறை சென்றபோது, படம் நிறைந்த தமிழ்க் கதை நூல் ஒன்றைத் தானே கேட்டாள். அன்றிரவு தொலைபேசியில் பாட்டிக்கு ஒரு பக்கத்தைத் தட்டுத்தடுமாறி வாசித்துக் காட்டினாள். மறுமுனையில் சிறிது நேரம் பேச்சில்லை. பிறகு, “அடுத்த பக்கத்தையும் படி, கண்ணு” என்றார் பாட்டி.

அன்பர்களே! சட்டம் தமிழ் நூலை அலமாரி வரையில் கொண்டுவரும். அங்கிருந்து வீட்டுக்குக் கொண்டுவருவது நம் கடமை. படிப்பவர் இல்லாத மொழிக்கு எந்த நூல் நிலையமும் நெடுநாள் இடம் ஒதுக்கி வைக்காது. எந்த நகரில் வாழ்ந்தாலும், அவ்வூர்ப் பொது நூல் நிலையத்தில் குழந்தைகளை உறுப்பினராக்குங்கள். தமிழ் நூல்களைக் கேட்டு வாங்குங்கள். வாடகை வீடுகள் மாறலாம். இந்த அலமாரியை மட்டும் நாம் காலி செய்ய வேண்டியதில்லை.