ஸ்பிறே நதிக்கரையில் ஒரு நாணயக் கடை

பேர்லின் மாநகரிலே, ஸ்பிறே நதி இரு கிளையாய்ப் பிரிந்து தழுவும் தீவின் வடமுனையில், கப்பலின் முகப்பைப் போல நிற்கிறது போடே நூதனசாலை. 1904ஆம் ஆண்டிலே கைசர் பிரெடறிக் பெயரால் திறக்கப்பட்ட இம்மாளிகை, 1956இல் அதனை உருவாக்கிய அறிஞர் வில்ஹெல்ம் போடேயின் பெயரைப் பெற்றது. ஐந்து இலட்சத்துக்கும் மேற்பட்ட நாணயங்களும் பதக்கங்களும் பிறவும் இங்குள. நூறு கிலோ எடையுள்ள கனடா நாட்டுத் தங்க நாணயமொன்றைக் கள்வர் ஏணி வைத்தேறிக் கொண்டு சென்றதும், 2017 மார்ச் 27ஆந் திகதி, இவ்விடத்திலேதான்.

நான் நாடிச் சென்ற பொருள் அத்துணைப் பாரமானதன்று. 1871 முதல் 1918 வரை நிலவிய ஜேர்மன் சாம்ராச்சியத்தின் மாதிரி நாணயங்களைக் காணும் ஆவல் எனக்கு நெடுநாளாய் உண்டு. புதிய நாணயம் வெளியிடுமுன், அக்கசாலையார் பல வடிவங்களிலும் உலோகங்களிலும் சில காசுகளை அடித்துப் பார்ப்பர். அவற்றைப் 'புறோப' என்பர் ஜேர்மானியர். பத்துப் பெனிக்குக்கும் ஐம்பது பெனிக்குக்கும் இடையே நல்லதொரு காசில்லாத குறையைப் போக்க, 1908இல் இருபத்தைந்து பெனிக்குக்குப் பல மாதிரிகள் அடிக்கப்பட்டன. ஈற்றில் வெளிவந்தது தூய நிக்கற் காசு. எடை நான்கு கிராம். மக்கள் அதனை விரும்பவில்லை. 1912க்குப் பின் அது அடிக்கப்படவேயில்லை. செலாவணியான காசே இப்படித் தோற்றதாயின், தோற்ற மாதிரிகளின் அருமையைச் சொல்லவும் வேண்டுமோ?

நூதனசாலைக்கு அருகே, நதிக்கரையில், வார இறுதியிற் பழம்பொருட் சந்தை கூடும். அங்கே ஒரு கடைக்காரர் நீலப் பட்டிலிருந்து 1908ஆம் ஆண்டு மாதிரியொன்றை எடுத்து நீட்டினார். நூல்கள் வாங்குவதற்கென வைத்திருந்த பணம் முழுவதும் அதற்குச் சரியாகும். கை நடுங்கியது. சட்டைப்பையிலிருந்த சிறு காந்தத்தை வைத்துப் பார்த்தேன், காசு ஒட்டவில்லை. நிக்கலாயின் ஒட்டவேண்டுமன்றோ?

"மாதிரிதானே ஐயா, வேறு உலோகத்திலும் அடித்தார்கள்" என்றார் அவர். அதுவும் மெய்யே! பொதுக்காசில் ஐயத்துக்கு இடமாகும் வேறுபாடே மாதிரியிற் பெருமையாகிவிடுகிறது. போலி செய்வோர்க்கு இதனிலும் வசதியான துறை வேறில்லை.

உருப்பெருக்குக் கண்ணாடியை எடுத்தேன். எழுத்துக்களின் ஓரம் கூர்மையாயில்லை. வெற்றிடத்திலே அம்மைத் தழும்புபோல நுண்ணிய குழிகள். விளிம்பைச் சுற்றி மெல்லிய பொருத்துக்கோடு. அச்சில் அடித்ததன்று, வார்த்தது. ஒன்றும் பேசாமற் காசைத் திருப்பிக் கொடுத்தேன்.

நான் விலகுமுன் ஒரு மாணவன், பதினேழு வயதிருக்கும், அதே காசின் விலையைக் கேட்டான். பணப்பையையும் திறந்துவிட்டான். அயல்நாட்டிலே பிறர் வியாபாரத்தில் நான் தலையிடலாமா என்று ஒரு கணம் தயங்கினேன். பிறகு கண்ணாடியை அவனிடம் நீட்டி, விளிம்பைப் பார்க்குமாறு ஆங்கிலத்திற் சொன்னேன். அவன் நெடுநேரம் பார்த்தான். கடைக்காரர் நதியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.