மணி வாடகைக்கு ஏரோப்ளேன்!

டிராக்டரை மணி வாடகைக்கு எடுத்திருப்பீங்க. ஏரோப்ளேனை எடுத்திருக்கீங்களா? நான் எடுத்தேன் மக்களே... அதுவும் ஃபாரின்ல! (சரி சரி, அரை மணி நேரம்தான். பக்கத்துல இன்ஸ்ட்ரக்டரும் இருந்தார்!)

எனக்கு ஊர் ஓட்டப்பிடாரம். வானம் பார்த்த கரிசக்காடு. நான் வானத்துல பார்த்தது மழையை இல்லை, வாகைக்குளம் ஏர்போர்ட்டுக்கு வர்ற விமானத்தை! ப்ளஸ் டூ முடிச்சதும், 'பைலட் ஆகணும்'னு சொன்னேன். அப்பா என்னைப் பார்த்தார், மூலையில இருந்த உளுந்து மூட்டையைப் பார்த்தார். ஒண்ணும் பேசலை. நானும் பேசாம மெக்கானிக்கல்ல சேர்ந்துட்டேன்.

போன செமஸ்டர் லீவுல, கொழும்புல கடை வச்சிருக்கிற சித்தப்பா வீட்டுக்குப் போனேன். ஊரை ஒட்டியே ரத்மலானை ஏர்போர்ட். அங்கே இருக்கிற ஃப்ளையிங் ஸ்கூல்ல, லைசென்ஸ் இல்லாதவங்களையும் இன்ஸ்ட்ரக்டரோட கூட்டிட்டுப் போறாங்க. கல்யாண வீடுகள்ல கேட்டரிங் வேலை பார்த்து லேப்டாப்புக்குச் சேர்த்த காசை எடுத்துக் கொடுத்துட்டேன். அப்பாவுக்குத் தெரியாது!

செஸ்னா 152. ரெண்டே சீட்டு. தோளோடு தோள் இடிக்குது. இன்ஜின் 110 குதிரை சக்தி... நம்ம ஊர் டிராக்டர் ரெண்டு சேர்ந்தா வந்துடும். கடகடன்னு ஓடி சட்டுன்னு தரையை விட்டுச்சு. கீழே காலி ரோடு, ரயில் பாதை, அப்புறம் கடல்!

'இப்ப நீ ஓட்டு'ன்னார் இன்ஸ்ட்ரக்டர். உடும்புப் பிடியா பிடிச்சேன். மூக்கு மேலேயும் கீழேயும் ஆடுது. 'ரெண்டு விரல் போதும்'னு சிரிச்சார். பிடியைத் தளர்த்தினா, சமர்த்தா நேரா போகுது. ஸ்டெபிலிட்டின்னு பரீட்சைக்கு உருப்போட்டது அப்பதான் மண்டையில ஏறுச்சு.

இறங்கினதும் வாடகைக் கதையைக் கேட்டேன். லைசென்ஸ் இருந்தாலும் எல்லா நாட்டுலயும் அப்படியே ஓட்ட முடியாதாம். உதாரணமா, நம்ம லைசென்ஸை வச்சு அமெரிக்காவுல ஓட்டணும்னா, அது ஒரிஜினல்தானான்னு எஃப்.ஏ.ஏ. முதல்ல நம்ம டி.ஜி.சி.ஏ.கிட்ட கேட்கும். அப்புறம் அங்கே ஒரு சர்ட்டிஃபிகேட் வாங்கணும். வாடகைக்குக் கொடுக்கிற கிளப் ஆள் கூடவே உட்கார்ந்து நம்ம ஓட்டறதைப் பார்ப்பார். அதுக்கப்புறம்தான் சாவி! இன்ஜின் ஓடற நேரத்தை ஹாப்ஸ் மீட்டர் கணக்கு பண்ணும். எரிபொருளும் சேர்ந்தா 'வெட்' ரேட், சேராட்டி 'டிரை' ரேட்.

ராத்திரி அப்பாவுக்கு போன் பண்ணி உண்மையைச் சொல்லிட்டேன். திட்டு விழும்னு காதைத் தள்ளி வச்சிருந்தேன்.

"ஏலே, டீசல் யார் கணக்கு?"

"பெட்ரோலுப்பா... அவங்க கணக்குதான்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. அப்புறம் சொன்னார்: "நம்ம வ.உ.சி.யும் முதல்ல வாடகைக்குத்தாம்லே ஓட்டுனாரு."

எனக்குப் பேச்சே வரலை. உண்மைதான் மக்களே! 1906-ல் சுதேசிக் கப்பல் கம்பெனி ஆரம்பிச்சப்ப அவர்கிட்ட சொந்தக் கப்பல் கிடையாது. வாடகைக்கு எடுத்தார். வெள்ளைக்கார கம்பெனி நெருக்க, கப்பல் கொடுத்தவங்க பின்வாங்கிட்டாங்க. அசராம இலங்கையிலேர்ந்து வேற கப்பலை வாடகைக்குப் பிடிச்சு ஓட்டினார். அதுக்கப்புறம்தான் எஸ்.எஸ். காலியா, எஸ்.எஸ். லாவோன்னு சொந்தக் கப்பல்கள் வந்தது.

ஏர்லைன்ஸ் பைலட் ஆக லட்சம் லட்சமா வேணும். ஆனா, சும்மா ஆசைக்குப் பறக்கிற ப்ரைவேட் பைலட் லைசென்ஸுக்கு 17 வயசும் மெடிக்கலும் பரீட்சையும் குறைஞ்சது 40 மணி நேரப் பறத்தலும் போதும். அதுவும் சல்லிசு இல்லைதான். ஆனாலும், என் மனக்கணக்குல இனி முப்பத்தொன்பதரை மணி நேரம்தான் பாக்கி!

முகூர்த்த நாள் வருது... கேட்டரிங் ஆர்டர் இருந்தா சொல்லுங்க மக்களே!