சரசவி உயனவில் இறங்கினோம்

எங்கள் வீட்டில் பயணம் என்றால் அது என்னுடைய பயணம்தான். நூல் வெளியீடு, கவியரங்கு, இலக்கிய மாநாடு என்று நாற்பது வருடமாக நான் பை தூக்கியிருக்கிறேன். கிண்ணியா, காத்தான்குடி, அக்கரைப்பற்று, புத்தளம், வெலிகம என்று போகாத ஊர் குறைவு. ஒரு தடவை கடல் கடந்தும் போய் வந்தேன். போகும்போதெல்லாம் சேட்டை அயன் பண்ணி, இடியப்பம் கட்டி, வாசல்வரை வந்து வழியனுப்பியவள் என் மனைவி. அவள் எங்கே போனாள் என்று யாராவது கேட்டால், கலியாண வீடு, மையத்து வீடு, ஆஸ்பத்திரி என்று மூன்று இடங்களைச் சொல்லலாம்.

2023 பெப்ரவரியில் எங்கள் இளைய மகள் உயர்தரப் பரீட்சை எழுதி முடித்தாள். முந்திய வருடம் நடக்க வேண்டிய பரீட்சை, நாடு பட்ட பாட்டில் தள்ளிப்போய் அப்போதுதான் நடந்தது. பெற்றோல் வரிசையும் காஸ் வரிசையும் ஒருவாறு ஓய்ந்திருந்தாலும் விலைகள் ஏறிய இடத்திலேயே நின்றன. மகளின் தோழிகள் வேன் பிடித்து நுவரெலியா போனார்கள். வேன்காரர் சொன்ன கணக்கைக் கேட்டதும் என் ஓய்வூதியம் நடுங்கிவிட்டது.

"பேராதனைத் தோட்டத்துக்குப் போவம். கோச்சில போனா செலவில்ல" என்றாள் மனைவி.

முப்பத்தைந்து வருட இல்லற வாழ்வில் அவள் வாய் திறந்து ஓர் இடத்தின் பெயரைச் சொன்னது அதுதான் முதல் தடவை. அது அப்போது என் மண்டையில் ஏறவில்லை. செலவு குறைவு என்ற சொல்தான் இனித்தது.

கையில் காசில்லாதவர்களும் போய்வரக்கூடிய பயணம் என்பதால் கொஞ்சம் விபரமாகவே சொல்கிறேன். சுபஹ் தொழுத கையோடு மாவனல்லையில் பஸ் ஏறி ரம்புக்கனைக்குப் போனோம். அங்கிருந்து எல்லாத் தரிப்பிடங்களிலும் நிற்கும் மெதுவான கோச்சியில் மூன்றாம் வகுப்பு டிக்கட். வலது பக்க யன்னலைப் பிடித்துக்கொள்ள வேண்டும். பள்ளத்தாக்கு அந்தப் பக்கம்தான் விரியும். கடிகமுவ, கங்கொட, இஹல கோட்டே, பலன, கடுகண்ணாவை என்று கோச்சி மூச்சு வாங்கி மலை ஏறும். ஒன்றன்பின் ஒன்றாகச் சுரங்கங்கள் வரும். சுரங்கத்துக்குள் புகும்போதெல்லாம் பிள்ளைகள் கூக்குரலிடுவார்கள். அன்று என் மகளும் சின்னப்பிள்ளையாகிக் கத்தினாள். மனைவி வாயைப் பொத்திச் சிரித்தாள்.

இந்தப் பாதை கண்டியைத் தொட்டது 1867 இல். வெள்ளைக்காரன் கோப்பி இறக்குவதற்காகப் போட்டது. தூரத்தில் விரித்து வைத்த புத்தகம்போல ஒரு பாறை தெரியும். பதலேகல என்பது ஊரார் வைத்த பெயர், பைபிள் பாறை என்பது வந்தவர்கள் வைத்த பெயர். மகளுக்கு நான் இதையெல்லாம் பாடம் எடுத்துக்கொண்டு வந்தேன். உதுவன்கந்தைச் சரதியலின் கதையையும் எடுத்தேன். அவனோடு கூட்டாளியாக நின்றவன் எங்கள் பக்கத்து மம்மலே மரிக்கார். இருவரும் 1864 மே 7 ஆம் திகதி கண்டியில் தூக்கிலிடப்பட்டார்கள். மகள் கொட்டாவி விட்டாள். ஓய்வு பெற்ற ஆசிரியனுக்கு வகுப்பறை கோச்சிப் பெட்டியாக இருந்தாலும் போதும் என்று நினைத்திருப்பாள்.

மனைவி எதையும் கேட்டுக்கொண்டிருக்கவில்லை. பலன தாண்டியதிலிருந்து ஒவ்வொரு ஸ்டேசனின் பெயர்ப்பலகையையும் வாசித்துக்கொண்டு வந்தாள்.

பேராதனைச் சந்தியில் நான் எழுந்து பைகளை இறக்கினேன். அவள் எழும்பவில்லை.

"அடுத்ததுல இறங்குவம்."

"தோட்டத்துக்கு இங்கதானே இறங்கணும்?"

"தோட்டம் பின்னேரம் பாக்கலாம். அடுத்தது சரசவி உயன."

இடம் வலம் தெரியாதவள் என்று நான் எண்ணியிருந்த மனிசி, ஸ்டேசன் பெயரைச் சரியாகச் சொன்னதும் வாயடைத்துப் போனேன். டிக்கட் பரிசோதகர் நல்ல மனிதர். மேலதிகக் காசை வாங்கிக்கொண்டு விட்டுவிட்டார்.

பேராதனைப் பல்கலைக்கழகத்தை நான் பல தடவை பார்த்திருக்கிறேன். கருத்தரங்குகளில் பேசியுமிருக்கிறேன். கைலாசபதி படித்த இடம், நுஃமான் படிப்பித்த இடம் என்று பக்தியோடு நடந்து திரிந்தவன் நான். 1942 இல் கொழும்பில் தொடங்கிய இலங்கைப் பல்கலைக்கழகத்தை 1952 இல் இந்தப் பள்ளத்தாக்குக்குக் கொண்டுவந்தார்கள். பின்னால் ஹந்தானை மலை, முன்னால் மகாவலி. நடுவில் கலஹா வீதி போகிறது. அந்த வீதியில் நடப்பதற்கு யாரும் காசு கேட்பதில்லை. பூக்கிற காலம் வந்தால் வீதியோர மரங்கள் இலையெல்லாம் உதிர்த்து இளஞ்சிவப்புப் பூவாக நிற்கும். அன்று சில மரங்கள் பூக்கத் தொடங்கியிருந்தன.

மனைவி முன்னால் நடந்தாள். எப்போதும் எனக்குப் பின்னால் நாலு எட்டு விட்டு நடப்பவள். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு, கீழே தூண்கள் நிற்கும் செனட் கட்டடத்தைப் பார்த்தாள். நூலகத்தைப் பார்த்தாள். சரச்சந்திர பெயரிலுள்ள திறந்தவெளி அரங்கின் கற்படியில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தாள். "பொம்புளப் புள்ளைகள்ட ஹொஸ்டல் எது?" என்று அவ்வழியே வந்த ஒரு மாணவியிடம் சிங்களத்தில் கேட்டாள். அந்தப் பிள்ளை ஹில்டா ஒபேசேகர, சங்கமித்த என்று பெயர்களைச் சொல்லிக் கையால் திசை காட்டியது.

லுஹருக்கு நேரமாகிவிட்டது. அவர்கள் இருவரையும் ஒரு மர நிழலில் இருத்திவிட்டு நான் பல்கலைக்கழகப் பள்ளிவாசலுக்குப் போய்த் தொழுதுவிட்டு வந்தேன். திரும்பி வரும்போது மனைவி பேசிக்கொண்டிருந்தாள். நான் பின்பக்கமாக வந்ததை இருவரும் கவனிக்கவில்லை.

"எண்பத்தாறுல கடிதம் வந்த. கலைப்பீடம். தபால்காரர் கொணந்து வாப்பாட கையிலதான் குடுத்தார். வாப்பா வாசிச்சார், மடிச்சார், அலுமாரிக்குள்ள வெச்சார். ஒண்டும் சொல்லல்ல. நானும் ஒண்டும் கேக்கல்ல. எங்கட ஊரிலயிருந்து ஒரு பொம்புளப் புள்ள ஹொஸ்டல்ல தங்கினதில்ல அப்ப. பதியிற தேதி முடியுமட்டும் ஒவ்வொரு நாளும் அலுமாரியத் துடைச்சன்."

"பிறகு உம்மா?"

"பிறகென்ன. எண்பத்தெட்டுல வாப்பாவக் கட்டித் தந்தாங்க."

நான் அங்கேயே நின்றுவிட்டேன். தொழுதுவிட்டு வந்த முகத்தில் இன்னும் ஈரம் காயவில்லை.

வாசகர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். பெண் கல்வி பற்றி நான் கதைகள் எழுதியிருக்கிறேன். ஒன்றுக்குப் பரிசும் கிடைத்தது. அதில் வரும் கதாநாயகி, பல்கலைக்கழக அனுமதி கிடைத்தும் போக முடியாமல் கண்ணீர் விடுவாள். அந்தக் கதையை எழுதிய இரவு எனக்குப் பிளேன்டீ ஊற்றித் தந்தவள் இவள்தான். வாசித்துக் காட்டினேன். "நல்லா ஈக்கி" என்றாள். ஒரு கேள்வி கேட்டிருந்தால் போதும். நீ எத்தனை வரை படித்தாய், ஏன் நிறுத்தினாய் என்று முப்பத்தைந்து வருடத்தில் ஒரு நாளாவது கேட்டிருக்கலாம். ஏ.எல். பாஸ் என்று கலியாணம் பேசும்போது தரகர் சொன்னது நினைவிருக்கிறது. நல்லது, பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக் கொடுப்பாள் என்று நினைத்ததும் நினைவிருக்கிறது. எங்கள் ஊரிலிருந்து இந்த இடம் ஒரு மணித்தியால பஸ் பயணம். அவ்வளவுதான் தூரம்.

நான் கனைத்தேன். மனைவி திரும்பிப் பார்த்தாள். முகத்தில் மாற்றமில்லை.

"தொழுதாச்சா? பசிக்கும். தோட்டத்துல போய்ச் சாப்பிடுவம்."

தோட்டத்தில் வாழையிலைப் பார்சலை அவிழ்த்தோம். சோறு, பருப்பு, கருவாட்டுப் பொரியல், கட்டா சம்பல். உள்நாட்டவருக்கு நுழைவுக் கட்டணம் குறைவுதான். அந்தக் காசுக்கு 147 ஏக்கரையும் நாள் முழுக்கச் சுற்றலாம். 1821 இல் தொடங்கிய தோட்டம். மூன்று பக்கமும் மகாவலி வளைத்துப் போகிறது. அரச பனைகள் அணிவகுத்து நிற்கும் பாதையும், புல்வெளியில் பரந்து கிடக்கும் பெரிய அத்தி மரமும், பின்னாளில் ஐந்தாம் ஜோர்ஜ் மன்னரானவர் 1901 இல் நட்ட நாகலிங்க மரமும் பார்க்க வேண்டியவை. சீசெல்ஸ் தீவின் இரட்டைத் தேங்காய் மரத்தடியில் மகள் படம் எடுத்தாள். உயர மரங்களில் வௌவால்கள் கறுப்புத் துணிபோலத் தொங்கின. எல்லாம் அழகுதான். நான் எதையும் சரியாகப் பார்க்கவில்லை.

அத்தி மர வேரில் உட்கார்ந்திருந்தபோது கேட்டேன்.

"ஏன் என்னட்ட சொல்லல்ல?"

அவள் தண்ணீர்ப் போத்தலை மூடிக்கொண்டே யோசித்தாள்.

"நீங்க கேக்கல்லயே" என்றாள். பிறகு, என் முகத்தைப் பார்த்து இரங்கியோ என்னவோ, "சொல்லி என்ன செய்ற. அந்த நேரம் வாப்பாவுக்கும் வேற வழி தெரியல்ல. இப்ப இவள்ட விசயம் வரும். அப்ப நீங்க அலுமாரியத் தொறக்க வாணாம்" என்றாள்.

ஒரு மாதத்துக்கு முன் நான் மகளிடம், கிடைத்தால் பார்ப்போம், தூரமென்றால் வீட்டிலிருந்தே வெளிவாரியாகப் படிக்கலாம் என்று சொல்லியிருந்தேன். குசினிக்குள் இருந்தவளுக்கு அது கேட்டிருக்கிறது. அதன் பிறகுதான் பேராதனை என்ற பெயர் அவள் வாயில் வந்திருக்கிறது. செலவில்லாத பயணம் என்று நான் நம்பிய பயணத்தின் கணக்கு எனக்கு அப்போதுதான் விளங்கியது.

திரும்பும்போது பஸ். கடுகண்ணாவையில் வீதியோரம் ஒரு கோபுரம் நிற்கிறது. கொழும்பு–கண்டி வீதியைப் போட்டு, வேலை முடியுமுன் 1829 இல் இறந்துபோன பொறியியலாளர் கப்டன் டோசனின் நினைவாக 1832 இல் எழுப்பியது. அதைத் தாண்டினால் பாறையைக் குடைந்த பழைய வழியைப் பார்க்கலாம். 2014 இல் திறந்த புகையிரத நூதனசாலையும் கடுகண்ணாவையில்தான் இருக்கிறது. நேரம் போதாததால் அன்று நாங்கள் இறங்கவில்லை. மூவருக்கும் போக்குவரத்து, நுழைவுச்சீட்டு, தேத்தண்ணி, மகளுக்கு ஐஸ்கிறீம் எல்லாம் சேர்த்து மூவாயிரம் ரூபாவைத் தாண்டவில்லை. மஃரிபுக்கு வீட்டில் இருந்தோம்.

அந்த வருடம் செப்டம்பரில் பெறுபேறு வந்தது. பேராதனைக்குப் புள்ளி கொஞ்சம் போதவில்லை. பிறகு ஒலுவில், தென்கிழக்குப் பல்கலைக்கழகம் என்று வந்தது. 1995 இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கியது அது. கண்டி, மஹியங்கனை, அம்பாறை என்று மலை இறங்கி நாட்டின் மறுகரைக்குப் போக வேண்டும். நானே எத்தனையோ தடவை கவியரங்குக்குப் போன பாதைதான். மகள் போக வேண்டும் என்றதும் அந்தப் பாதை ஏனோ நீண்டுவிட்டது. படிவத்தை மேசையில் வைத்துவிட்டு மனைவி அலுமாரியைத் துடைக்கத் தொடங்கினாள். வாய் பேசவில்லை. நான் கையெழுத்து வைத்தேன்.

2025 நவம்பரில் பெய்த மழையை எங்கள் பக்கத்தில் யாரும் மறக்கமாட்டார்கள். பஹல கடுகண்ணாவையில் மலை சரிந்து உயிர்கள் போயின. அடுத்து டித்வா புயல் வந்தது. நாங்கள் பாட்டும் சிரிப்புமாக ஏறிப்போன கோச்சிப் பாதை பல இடங்களில் உடைந்து தொங்கியது. மகள் அப்போது வீட்டுக்கு வந்திருந்தாள். போக வழியில்லை. பார்க்க வந்த சொந்தக்காரர் ஒருவர், "அல்லாஹ்வே தடுத்து வெச்சீக்கான், பொம்புளப் புள்ளய இனி அனுப்பாம ஊரோட வெச்சிக்கொள்ளுங்க" என்றார். நல்ல எண்ணத்தில்தான் சொன்னார். எனக்குள்ளும் ஒரு மூலையில் அந்தப் பயம் இருந்தது. நான் மனைவியைப் பார்த்தேன்.

அவள் தேத்தண்ணிக் கோப்பையை அவர் முன்னால் வைத்தாள்.

"பாதை தொறப்பாங்க தானே நானா" என்றாள்.

மகளின் பயணப் பை மழை ஈரம் படாமல் கட்டில்மேல் இருந்தது. பாதை திறந்த அன்று சுபஹுக்குப் பிறகு, சோற்றுப் பார்சலைக் கையில் கொடுத்து வாசல்வரை வந்து வழியனுப்பினாள். நான் பை தூக்கிக்கொண்டு அவர்களுக்குப் பின்னால் நாலு எட்டு விட்டு நடந்தேன்.